இரண்டாம் தரம் செய்த மூக்கு: விடுவதா, எடுப்பதா, மாற்றுவதா?

என் தங்கச்சி கிணத்தடியில் கைக்கண்ணாடியோடு நின்ற அந்தக் காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "அக்கா, நான் சிரிக்கேக்க நுனி வெள்ளையாப் போகுது, பார்" என்றாள். சிரித்தும் காட்டினாள். மூக்கு நுனியில் ஒரு மிளகளவு இடம் இரத்தமே இல்லாததுபோல வெளிறியது. வாயை மூடியதும் சிவந்தது. இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து அவளுக்கு அது பதினான்காவது மாதம்.

மோட்டார் சைக்கிளால் விழுந்து மூக்கு ஒடிந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. முதல் சத்திரசிகிச்சை கோணலை நிமிர்த்தியது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மூக்குத் தண்டின் நடு, குதிரைச் சேணம் போலக் குழிந்துவிட்டது. அதைத் திருத்தத்தான் சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் சிலிக்கோன் வைத்து உயர்த்தினார்கள். கட்டு அவிழ்த்தபோது எல்லோரும் வடிவு என்றார்கள். மூன்றாம் மாதம் அவள் சொன்னாள்: "வடிவாத்தான் இருக்கு. ஆனா அப்பான்ர மாதிரி இருந்த மூக்குப் போயிட்டுது."

அதன்பிறகு பதினொரு மாதம் நாங்கள் அந்த மனவருத்தத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். தோல் மெலிந்துகொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மனவருத்தத்துக்கு ஒரு வருடம் பொறுக்கலாம். தோலுக்கு ஒரு கிழமைகூடப் பொறுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே பிரச்சினையாக எண்ணினால் முடிவு பிழைத்துவிடும்.

இப்போது சொந்தக்காரரின் பிள்ளைகளும், அவர்களின் சிநேகிதிகளும் என்னிடம் கேட்கிறார்கள்: இப்பிடியே விடுறதோ, எடுக்கிறதோ, திரும்ப மாத்துறதோ? நான் வைத்தியர் இல்லை. தங்கச்சியின் கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாங்கில்களில் இருந்து படித்ததைத்தான் எழுதுகிறேன். எதைச் செய்வதென்றாலும் மூக்கைக் கையால் தொட்டுப் பார்த்த ஒரு வைத்தியரின் சொல் வேண்டும்.

## முதலில் எதை வைத்து அளப்பது

தோல். எல்லாவற்றுக்கும் முந்தியது இதுதான். நுனி சிவந்து சூடாக இருக்கிறதா, தோல் மினுங்கி மெலிந்திருக்கிறதா, சிரிக்கும்போது வெளிறுகிறதா, மூக்கின் உட்பக்கத்தில் புண்ணோ நீரோ சீழோ தெரிகிறதா, உள்ளே வைத்த துண்டின் விளிம்பு வெளியே நிழலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மிச்ச அளவுகோல்களுக்குப் போக வேண்டாம், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

மூச்சு. கன்னத்தை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். மூச்சு இலேசாக வந்தால், மூக்கின் உள்வாசல் ஒடுங்கியிருக்கக் கூடும். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால் நடுச்சுவரில் துளை விழுந்திருக்கலாம். இவை அழகுப் பிரச்சினைகள் அல்ல. வைத்தியர் எழுதும் துண்டிலும் தனியாகவே எழுதப்பட வேண்டும்.

மாதம். முதல் சத்திரசிகிச்சையின் வீக்கம் முழுதாக வடிய ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். இரண்டாம் தரம் என்றால் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். எங்கள் ஆட்களில் பலருக்கு நுனித் தோல் தடிப்பு. அங்கேதான் வீக்கம் கடைசியாக வடியும். ஐந்தாம் மாதத்தில் கண்ணாடியில் தெரிவது முடிவான மூக்கு அல்ல.

உள்ளே இருப்பது என்ன. உள்ளே வைக்கும் செயற்கைத் துண்டுக்கு "இம்பிளான்ட்" என்ற சொல் மட்டும் போதாது. சிலிக்கோன் வழுவழுப்பானது. உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிவிடும், ஆனால் திசு அதற்குள் வளராது. அதனால் எடுப்பது இலேசு, இடம் விலகுவதும் இலேசு. கோர்டெக்ஸ் என்று சொல்லப்படுவதில் நுண்துளைகள் உண்டு. திசு அதை ஓரளவு பிடித்துக்கொள்ளும். மெட்போர் போன்ற துளையுள்ள பொலிஎத்திலீனில் திசு உள்ளே புகுந்து வளர்ந்துவிடும். அது அசையாது, எடுக்க வேண்டி வந்தால் சுற்றியுள்ள திசுவும் சேர்ந்து கிழியும். வடிவமும் முக்கியம். தண்டில் மட்டும் இருக்கும் நேர்த்துண்டு ஒரு விதம். தண்டிலிருந்து வளைந்து நுனி வரை இறங்கும் ‘ட’ வடிவத் துண்டு இன்னொரு விதம், அதுதான் நுனித் தோலை உள்ளிருந்து தள்ளும். தங்கச்சிக்கு வைத்தது அந்த ‘ட’. எங்களுக்குத் தந்த காகிதத்தில் "இம்பிளான்ட் வைத்துத் திருத்தியது" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருக்கவில்லை.

மிச்சமிருக்கும் குருத்தெலும்பு. பள்ளிக்கூடத்தில் கசியிழையம் என்று படித்தோமே, அதேதான். மூக்கைத் திருத்த முதலில் எடுப்பது நடுச்சுவரிலிருந்து. இரண்டு தரம் கத்தி பட்ட மூக்கில் அங்கே பெரும்பாலும் மிச்சம் இருக்காது. பிறகு காது, அதற்கும் பிறகு விலா.

யார் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்கு நுனி சிவந்தால் யாழ்ப்பாணத்தில் யாரிடம் போவீர்கள்? இதற்குப் பதில் தெரியாமல் எந்த வழியையும் தெரிவுசெய்ய வேண்டாம்.

| வழி | பொருந்தும் நேரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|
| விட்டுவைத்தல் | ஒரு வருடம் ஆகவில்லை, தோலும் மூச்சும் நன்று | மனப்பாரம், வருடா வருடம் பார்க்கும் கடமை |
| ஊசி நிரப்பி | மிக அரிது | இரத்தக்குழாய் அடைப்பு, கண்பார்வை |
| எடுத்துவிட்டு அப்படியே விடுதல் | தோல் ஆபத்து, கிருமித் தொற்று, உயரமே வேண்டாம் என்பவர்கள் | சுருங்கிக் குறுகும் மூக்கு |
| எடுத்துச் சொந்தக் குருத்தெலும்பு | தண்டு தாங்காது, மூச்சும் பிழை | நெஞ்சு நோ, விறைத்த நுனி, நீண்ட ஓய்வு |
| வேறு இம்பிளான்ட் | தடித்த தோல், தண்டில் மட்டும் தேவை | அதே ஆபத்து இன்னொரு தரம் |

## விட்டுவைத்துக் காத்திருத்தல்

தோல் நல்லது, மூச்சு நல்லது, இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்றால் என் மனதுக்கு இதுதான் சரியான வழி. அந்த வருடத்துக்குள் திரும்பக் கத்தி வைப்பதைப் பெரும்பாலான வைத்தியர்களும் விரும்புவதில்லை. தழும்பு இறுக்கமாக இருக்கும்போது திசுக்களைப் பிரிப்பது கடினம். வீக்கத்தை வடிவம் என்று நினைத்துச் சீவிவிடும் ஆபத்தும் உண்டு.

காத்திருக்க ஒரு முறை வேண்டும். நாங்கள் மாதத்தின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு, அதே யன்னல் பக்கம், அதே தூரத்தில் நான்கு படம் எடுப்போம். நேரே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழிருந்து ஒன்று. மற்ற நாட்களில் படம் இல்லை. அதற்கு முன்பு அவள் ஒரு நாளில் முப்பது, நாற்பது செல்பி எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவாள். காலையில் மூக்கு கொஞ்சம் வீங்கியிருக்கும், பின்னேரம் வடியும், உப்புக் கூடினால் திரும்ப வீங்கும். அந்த ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் அவள் கெட்டுப்போவதன் அறிகுறி என்று நினைத்தாள்.

காத்திருப்பதிலும் செலவு உண்டு. வீக்கம் வடிய ஸ்டீரொயிட் ஊசி போடச் சொல்வார்கள். அளவு தெரிந்தவர் போட்டால் பயன் உண்டு, கூடிப்போனால் தோல் மெலியும். உள்ளே இம்பிளான்ட் இருப்பவருக்கு மெலிந்த தோல் ஆகாது. மூக்குத்தி இன்னொரு விசயம். கலியாணத்துக்கு மூக்குக் குத்த வேண்டும் என்று பெரியவர்கள் நிற்பார்கள். குத்திய துளையால் கிருமி போனால் உள்ளே இருக்கும் துண்டு வரை போகலாம். ஒட்டு மூக்குத்தி போதும் என்று நான் பெரியம்மாவோடு சண்டை பிடித்தே நிறுத்தினேன். ஒரு வருடம் கடந்து, பிடித்துப்போய், அப்படியே வைத்திருப்பதென்று முடிவெடுத்தாலும் கவனம் விட முடியாது. தொற்றும் துருத்தலும் பல வருடங்கள் கழித்தும் வரக்கூடியவை.

மனம் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணுக்குப் படாத ஒரு குறையை நினைத்து ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, வேலைக்கும் விசேசத்துக்கும் போவதை விட்டாயிற்று, முதல் சத்திரசிகிச்சைக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது என்றால், மூன்றாவது சத்திரசிகிச்சை அந்தத் துன்பத்தைத் தீர்க்காது. உடற்தோற்றம் பற்றிய இந்த நோய்க்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு, கதைத்துச் செய்யும் சிகிச்சையும் உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துக் கதைக்கலாம். பைத்தியம் என்று சொல்வார்கள் என்ற பயத்தில் இந்தக் கதவைத் தட்டாமல், நகையை அடகு வைத்து இன்னொரு தரம் மேசையில் ஏறும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

## ஊசியால் நிரப்புதல்

சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். குழியை ஃபில்லரால் நிரப்பிவிடலாம், அரை மணித்தியால வேலை என்று சொல்வார்கள். சாதாரண மூக்கிலேயே இந்த ஊசி இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண்பார்வை போகலாம். இரண்டு தரம் வெட்டித் தைத்த மூக்கில் இரத்தக்குழாய்கள் பழைய இடத்தில் இருக்காது, அவற்றைச் சுற்றித் தழும்பு வேறு. உள்ளே துண்டு இருக்கும்போது ஊசி கிருமியையும் கொண்டுபோகும். ஹையலுரோனிக் அமில வகையைக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் அது ஊசி போடுகிறவரின் கையருகில் இருக்க வேண்டும். அழகு நிலையக் கதிரையில் அது இருக்காது. திருத்திய மூக்குகளிலேயே வருடக்கணக்காக வேலை செய்யும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், இம்பிளான்ட் இல்லாத மூக்கில் ஒரு சிறு பள்ளத்துக்குப் போடுவாரென்றால் அது வேறு கதை.

## எடுத்துவிட்டு அப்படியே விடுதல்

நுனி வெளிறிய மறுநாள் நாங்கள் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனோம். அங்கே பார்த்த வைத்தியர் விரலால் மெல்ல அழுத்தினார், உள்ளே சிறு விளக்கை வைத்துப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "உள்ளுக்கு வைச்சது என்ன?" எங்களிடம் பதில் இல்லை.

ஒரு கிழமை அன்டிபயோட்டிக்கில் சிவப்பு வடிந்தது. சந்தோசப்பட்டோம். மருந்து முடிந்த நான்காம் நாள் சிவப்பு திரும்பி வந்தது. கிருமிகள் இம்பிளான்டின் மேல் ஒரு படலம் போட்டு ஒட்டிக்கொள்ளும், மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது, அதனால் துண்டு உள்ளே இருக்கும்வரை தொற்று பதுங்கிப் பதுங்கி வரும் என்று பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். பார்மசியில் தானாக மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோல் ஓட்டையாகித் துண்டு வெளியே வந்தால் நுனியில் ஒரு தழும்பு காலத்துக்கும் நிற்கும். அதற்கு முதல் எடுத்தால் வெட்டு மூக்கின் உள்ளேயே இருக்கும்.

சிலிக்கோனை எடுப்பது பெரும்பாலும் இடத்தை மரக்கச்செய்தே செய்யக்கூடிய சிறிய வேலை. தங்கச்சிக்குக் கொழும்பில் எடுத்தார்கள். எடுத்த துண்டை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு எங்கள் கையில் தந்தார்கள். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. விளிம்பில் இலேசாக மஞ்சள் படிந்திருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று அவள் அழுதாள். அந்தப் போத்தலை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த வைத்தியர் அதன் நீளத்தையும் தடிப்பையும் அளந்துதான் திட்டம் போட்டார்.

எடுத்துவிட்டு அப்படியே விடுவது யாருக்குப் பொருந்தும்? தண்டை உயர்த்த மட்டும் வைத்தவர்களுக்கு, இம்பிளான்டுக்கு முந்திய மூக்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டவர்களுக்கு, இன்னொரு பெரிய சத்திரசிகிச்சைக்கு உடம்போ காசோ இடம் கொடுக்காதவர்களுக்கு. மெட்போர் என்றால் இதே வேலை பெரிதாகும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், உறை சுருங்குவதில். துண்டு இருந்த இடம் வெறுமையாகி, சுற்றிக் கட்டிய உறை இறுகும்போது மூக்கு குறுகி நுனி மேலே தூக்கும். தொற்று வந்த மூக்கில் இது கூடுதலாக நடக்கும். தங்கச்சியின் மூக்கு நான்கு மாதத்தில் குறுகியது, முன்னுக்கு நின்று பார்த்தால் மூக்குத் துவாரம் தெரிந்தது. அந்த மாதங்களில் அவள் பஸ்ஸில் மாஸ்க் கழற்றவில்லை. கொரோனாக் காலம் கழிந்தும் மாஸ்க் ஏன் என்று ஒருவரும் கேட்காதது பெரிய உதவி.

## எடுத்துவிட்டுச் சொந்தக் குருத்தெலும்பு வைத்தல்

மூக்கின் தாங்குசுவரே போனவர்களுக்கும், மூச்சும் வடிவமும் சேர்ந்து பிழைத்தவர்களுக்கும் கடைசியில் வருவது இந்த வழிதான். தொற்று இல்லையென்றால் எடுக்கும் அதே மேசையில் வைக்கலாம். தொற்று இருந்தால் பலர் முதலில் எடுத்து, ஆற விட்டு, மாதங்கள் கழித்துச் செய்வார்கள். சிலர் தொற்றிலும் அன்றே சொந்தக் குருத்தெலும்பு வைப்பதுண்டு. எங்களுக்கு எட்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள்.

காதிலிருந்து எடுப்பது சிறிய வேலை. ஆனால் அது வளைந்தது, மெதுமையானது, கொஞ்சம்தான் கிடைக்கும். நுனியைத் திருத்த நல்லது, குழிந்த தண்டைத் தாங்காது. சில கிழமை அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது.

விலா பெரிய வேலை. பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில் சிறு வெட்டு வைத்து எடுப்பார்கள். துண்டை எடுத்தபின் காயத்தில் நீர் ஊற்றி, சுவாசப்பையை ஊதவைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். நுரையீரலைச் சுற்றிய சவ்வு கிழிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படி நடப்பது அரிது, ஆனால் கையெழுத்து வைக்கும் காகிதத்தில் அதுவும் இருக்கும். வயது போகப் போக விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பு ஏறி இறுகும். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்னதாக சீ.ரி. ஸ்கான் எடுக்க வேண்டுமா என்று கேட்பது நல்லது. சீவிய துண்டு பிறகு வளையக்கூடும், விலாவின் பெரிய குறை அதுதான். அதற்காகத்தான் நடுப்பகுதியிலிருந்து சீவி, உப்புநீரில் போட்டு வைத்து, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்த பிறகே தைக்கிறார்கள். சிலர் பொடியாக நறுக்கி, தலைப்பக்கத் தசையுறையில் சுற்றித் தண்டுக்கு வைப்பதும் உண்டு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிலதைச் சொல்கிறேன். முதல் பத்து நாள் மூக்கைவிட நெஞ்சுதான் நோகும். தும்மலும் சிரிப்பும் பயமாக இருக்கும். கிணற்றில் தண்ணி அள்ளுவது, பிள்ளையைத் தூக்குவது, ஸ்கூட்டி தள்ளுவது எல்லாம் கிழமைக்கணக்கில் நிற்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் நான்கு, ஐந்து கிழமையாவது அதைத் தண்டில் வைக்க முடியாது, நெற்றியில் ஒட்டித் தாங்கவைக்க வேண்டி வரும். எல்லாம் ஆறிய பின்னும் நுனி விறைப்பாகவே இருக்கும். மூக்கைச் சிந்தும்போது முன்போல வளையாது. அக்காவின் பிள்ளை ஓடிவந்து முகத்தில் முட்டும்போது தங்கச்சி இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

பெறுவது என்ன? சொந்தத் திசு, சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்வது. தொற்று வரும் சாத்தியமும் தோலைத் துளைத்து வரும் சாத்தியமும் இம்பிளான்டைவிட நன்றாகக் குறைவு. மூச்சு வாசலையும் சேர்த்து விரிக்கலாம். அவள் இப்போது இரண்டு பக்கமும் மூச்சு விட்டு நித்திரை கொள்கிறாள். முதல் விபத்துக்குப் பிறகு அது நடக்கவே இல்லை.

அப்பாவின் மூக்கு திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை. இது மூன்றாவது மூக்கு. வைத்தியர் அதை முன்னதாகவே சொன்னார்: "பழையதைத் தர ஏலாது. மூச்சு விடக்கூடிய, நிமிர்ந்த ஒன்றைத் தரப் பார்ப்பன்." வாக்குறுதியைக் கூட்டாமல் குறைத்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பதால் நாங்கள் அவரிடமே போனோம்.

## வேறொரு இம்பிளான்ட் வைத்தல்

விலாவில் கை வைக்கப் பயந்து இதைத் தெரிவுசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் தடிப்பாக, ஒரு தரமும் தொற்று வராமல், தண்டில் மட்டும் மெல்லிய நேர்த்துண்டு தேவையென்றால், நுனிக்குச் சொந்தக் குருத்தெலும்பை வைத்துத் தண்டுக்கு மட்டும் இம்பிளான்ட் வைப்பதில் நியாயம் உண்டு. அளவு கூடியதால் மட்டும் பிடிக்காமல் போனவர்களுக்கும் சின்னதாக மாற்றுவது போதலாம். தொற்று வந்த மூக்கிலும், நுனி மெலிந்த மூக்கிலும் எந்தப் பெயருள்ள பொருளையும் திரும்ப வைக்கச் சம்மதிக்காதீர்கள். "இது புது மெற்றீரியல், ஒண்டும் செய்யாது" என்று சொல்கிறவரிடம், எடுக்க வேண்டி வந்தால் எப்படி எடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

## எங்கே செய்வது

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதனால் சென்னை கிட்ட இருப்பதாகத் தோன்றும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020இல் கொரோனாவோடு நின்றது. திரும்பத் தொடங்கியது 2022 டிசம்பரில். இடையில் கட்டு அவிழ்த்த வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்தவர்கள் கொழும்பைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். சென்னையில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் கூட இருப்பார்கள், தெரிவு விரிவு. ஆனால் விசா, கூடப் போகும் ஆளின் லீவு, தங்குமிடம், மூன்றாம் கிழமையும் மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் திரும்பப் போகும் செலவு ஆகியவற்றைச் சத்திரசிகிச்சைக் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள். கொழும்பு என்றால் ஒரு இரவு பஸ், மொழிச் சிக்கல் கொஞ்சம், அவசரத்துக்குப் போகலாம்.

தொற்று, காய்ச்சல், சீழ் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைக்கே போங்கள், காசு கேட்க மாட்டார்கள். வெளியில் செய்தது என்று ஏசுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். எங்களை ஒருவரும் ஏசவில்லை. ஒரு தாதி மட்டும் "முதலே வந்திருக்கலாமே பிள்ளை" என்றார்.

எங்கே செய்தாலும் வீட்டுக்கு வர முதல் கையில் இருக்க வேண்டியவை: சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி, வைத்த பொருளின் பெயர், வடிவம், அளவு, பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கர், எந்த இடத்துக் குருத்தெலும்பு எடுத்தார்கள் என்ற விபரம், முன்னும் பின்னும் எடுத்த படங்கள். கேட்டால் தருவார்கள். நாங்கள் மூன்றாம் தரம் கேட்டோம், ஐந்து பக்கம் தந்தார்கள்.

அந்தக் கோப்பு இப்போது அலுமாரியில், அந்தச் சின்னப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தங்கச்சிக்கு அடுத்த பார்வை ஆடியில். நல்லூர் கொடியேற முதல் போய் வரத் திகதி எடுத்திருக்கிறோம்.